கொம்பு

செந்தூலில், டயர் கடைக்கு மேல்மாடியில்
என் வகுப்பு.
காற்றடிக்கும் இயந்திரம் உறுமும்போதெல்லாம்
பாதிச் சொல்லில் நிறுத்திக் காத்திருப்போம்.
மணிக்கு நாற்பது வெள்ளி.
இயந்திரம் தின்ற நிமிடங்களைத்
திருப்பித் தருவதுண்டு.
மழை நாளில் தருவதில்லை.

புதன்கிழமைக்கு தர்ஷனேஸ்வரி.
ஐந்தாம் ஆண்டு.
படிப்பு நன்றாக வருமென்று
எண்கணித ஜோதிடர் அவள் பெயருக்கு
ரூமியில் இரண்டு எச் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்.
ஒவ்வொரு தேர்வுத் தாளிலும்
முதலில் அந்த இரண்டில்தான் தடுக்கி விழுகிறாள்.

மலாய்ப் பாடத்தில் புத்தகம் என்ற சொல்லை
டுக்கு பழம் என்று வாசித்தாளாம்.
ஓர் எழுத்தின் வயிறு இந்தப் பக்கம் திரும்பினால் புத்தகம்,
அந்தப் பக்கம் திரும்பினால் பழம்.
வகுப்பே சிரித்ததாம்.
"அன்னிக்கு எனக்குப் பசி டீச்சர்."
அந்தப் பொய்யை நான் திருத்தவில்லை.
வாசிக்க வராத பிள்ளைகள்
பொய்யில் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பது
இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது:
கண்ணாடிய மறந்துட்டேன், தொண்டை கட்டிருச்சு,
இந்தப் பக்கம் நேத்தே படிச்சாச்சு.

தேர்வில் கால் மணி நேரம் கூடுதலாகக் கேட்டு
பள்ளிக்குக் கடிதம் எழுதினேன்.
தலைமையாசிரியர் போனில் வந்தார்:
"இவளுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

அவருக்குத் தெரியாது,
எங்கள் சண்டையே கொம்போடுதான்.

தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி
விரலால் எழுதச் சொல்வேன்.
'தெரு' எழுத
கொம்பை முதலில் போட வேண்டும்.
நாக்கோ தகரத்தில் தொடங்குகிறது.
எழுத்துக்கு முன்னால் நின்றுகொண்டு
எழுத்துக்குப் பின்னால் ஒலிக்கிற ஒன்றை
அவள் எப்படி நம்புவாள்?
'கொடி' இன்னும் மோசம்.
முன்னால் கொம்பு, பின்னால் கால்,
நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கும் ககரம்.
ஏழு வாரம் வண்ணம் தீட்டினேன்,
கைதட்டிப் பிரித்தேன்,
களிமண்ணில் உருட்டினேன்.
எட்டாவது வாரம் குரல் உயர்ந்துவிட்டது.
ரவையை உள்ளங்கையால் கலைத்துவிட்டு
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலே முக்கால். வழக்கமான மழை.
ரயில் தண்டவாளத்துக்கு அப்பால்
வானம் ஒரு கணம் வெளுத்தது.
மின்சாரம் போயிற்று. இயந்திரமும் அடங்கிற்று.
விரல் மடக்கி எண்ணினாள்,
ஒன்று, இரண்டு, மூன்று,
இடி.

"டீச்சர், கொம்பு மின்னல்தானே?
முதல்ல தெரியும்.
அப்புறந்தான் கேக்கும்."

பதினோரு ஆண்டுகளாக
இந்த எழுத்துகளை விற்றுத்தான் சாப்பிடுகிறேன்.
ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.
அரையிருட்டில் ரவைமேல்
கெ எழுதினாள், செ எழுதினாள், மெ.
ஒவ்வொன்றுக்கும் வாயால் ஒரு சின்ன இடி.

மறுநாள் அந்த மின்னலை
நவினேஷிடம் எடுத்துப் போனேன்.
அவனுக்கு இடியென்றால் பயம்.
மேசைக்குக் கீழே போய்விட்டான்.
வியாழக்கிழமைக்கு வேறு கொம்பு தேட வேண்டும்.

தர்ஷனேஸ்வரியும் ஒன்றும் தேறிவிடவில்லை.
இரட்டைக் கொம்புக்கு நீளமான இடி என்கிறாள்,
சரிதான், அவள் பெயரிலேயே ஒன்று கிடக்கிறது.
ஆனால் ணகரத்தில் எத்தனை சுழி என்று கேட்டால்
என் முகத்தில் தேடுகிறாள்.
போன வாரம் ஒரு பக்கம்:
நான்கு நிமிடம், பன்னிரண்டு பிழை.
நோட்டில் எழுதியிருக்கிறேன்.

இன்று வகுப்பு முடிந்து படியிறங்கியவள்
கடை முன்னால் நின்றுவிட்டாள்.
மோட்டாரில் இருந்தபடியே
அம்மா ஹாரன் அடிக்கிறார்.
பலகையில் மலாய்ச் சொற்கள் இரண்டு,
கெடாய் தாயர்.
இத்தனை நாளும் அதன் கீழேதான் செருப்பைக் கழற்றினாள்.
உதடு அசைகிறது. விரல் காற்றில் எதையோ தட்டுகிறது.
பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்துக் கத்துகிறாள்:

"கடை தயார் டீச்சர்!"

சரியா, தவறா?
பிழை எண்ணும் நோட்டைத் திறந்து பிடித்தபடி
மாடியில் நிற்கிறேன்.
மோட்டார் முனையில் திரும்பிவிட்டது.